எல்லைப்புறக் கால்நடை உதவியாளரும் கைப்பயிற்சியும்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, முதலமடை முதலிய ஊர்களிலும், இடுக்கி மலைப் பிரதேசத்தில் மறையூர், காந்தளூர், வட்டவடை, மூணாறு, வண்டிப்பெரியாறு, குமுளி முதலிய ஊர்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு, மழை பொய்த்த ஆண்டிலும் தோட்டத்தில் வேலைநாள் குறைந்த மாதத்திலும் கைகொடுப்பவை தொழுவத்தில் நிற்கும் ஒன்றிரண்டு கறவை மாடுகளே. அந்த மாட்டுக்கு நோய் கண்டால் முதலில் தொழுவத்துக்குள் நுழைகிறவர் பெரும்பாலும் கால்நடை மருத்துவர் அல்லர். மருத்துவருக்கு உதவியாக நியமிக்கப்பட்ட கால்நடை ஆய்வாளரோ, சினை ஊசி போடக் கற்ற இளைஞரோ, எந்தப் பயிற்சியுமின்றிப் பழக்கத்தால் மட்டும் வைத்தியம் செய்கிறவரோதான். இம்மூவரில் எவர் வருகிறார், வந்தவருடைய கை என்ன கற்றிருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த மாட்டின் உயிரும் அந்தக் குடும்பத்தின் வருமானமும் அமைகின்றன. ஆதலால், கால்நடை மருத்துவ உதவியாளராக விழையும் எல்லைப்புற இளைஞர்களுக்கு எத்தகைய பயிற்சி, எங்கே, எவருடைய மேற்பார்வையில் அளிக்கப்பட வேண்டும் என்னும் வினாவைச் சட்டம், வரலாறு, நடைமுறை ஆகிய மூன்று நோக்கிலும் ஆராய்வது இக்கட்டுரையின் கருத்தாகும்.

சட்டம் வகுத்த எல்லை

இத்துறையில் எதைப் பேசத் தொடங்கினாலும் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டத்தை முதலில் நோக்குதல் அவசியம். அதன் 30-ஆம் பிரிவு, பதிவுபெற்ற கால்நடை மருத்துவரையன்றி வேறெவரும் கால்நடை வைத்தியம் செய்யலாகாது என்று பொதுவாக விலக்கிவிட்டு, உடனே ஒரு விதிவிலக்கையும் அளிக்கிறது. கால்நடை மேற்பார்வையாளர் அல்லது கால்நடை உதவியாளர் என்னும் பட்டயமோ சான்றிதழோ பெற்றவர், பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும் சிறு மருத்துவப் பணிகளைச் செய்யலாம் என்று மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம். தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுதல் ஆகியனவும், மாநில அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் பிற முதலுதவிகளும் அச்சிறு பணிகளில் அடங்கும்.

இவ்விதிவிலக்கில் இரண்டு விஷயங்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. முதலாவது, உதவியாளரின் உரிமை மருத்துவரின் மேற்பார்வையோடு பிரிக்கவியலாதபடி பிணைக்கப்பட்டிருக்கிறது. மேற்பார்வை அற்ற இடத்தில் உரிமையும் அற்றுப்போகிறது. இரண்டாவது, சான்றிதழ் இன்ன மாநிலத்திலேதான் பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எந்த மாநிலத்துக் கால்நடைப் பராமரிப்பு இயக்ககம் அளித்ததாயினும், இந்தியாவில் உள்ள எந்தக் கால்நடை மருத்துவ ஸ்தாபனம் அளித்ததாயினும் அதனை ஏற்று அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. எல்லைப்புறத்து இளைஞனுக்கு இப்பின்னதே பெருவாய்ப்பு என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

பயிற்சி வளர்ந்த வரலாறு

பாலக்காடு 1956 நவம்பர் வரை மலபார் ஜில்லாவின் பகுதியாகச் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்தது. ஆகவே 1903 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியே நெடுங்காலம் இப்பகுதிக்கும் மருத்துவர்களை அளித்துவந்தது. அக்காலத்தில் உதவியாளர் என்பவர், வெக்கை நோய்த் தடுப்பூசி முகாமில் மருந்துப்பெட்டியைச் சுமந்து, மாட்டைப் பிடித்து, மருத்துவர் செய்வதைப் பார்த்தே தொழில் கற்றவராவார். சுதந்திரத்திற்குப் பின் முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ஆதாரக் கிராமத் திட்டம் தோன்றி, சினை ஊசி எனப்படும் செயற்கைக் கருவூட்டல் கிராமங்களுக்குப் பரவியபோது, பார்த்துக் கற்றது போதாது என்பதும், முறையாகப் பயின்ற கைகள் பல்லாயிரம் தேவை என்பதும் அரசாங்கங்களுக்குப் புலப்பட்டன.

இடுக்கி மலையில் இவ்வுண்மை மிகத் தெளிவாகச் செயல்வடிவம் பெற்றது. 1963-இல் இந்திய அரசும் சுவிட்சர்லாந்து அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கப்பட்டது. பழுப்பு சுவிஸ் காளைகளைக் கேரளத்து நாட்டுப் பசுக்களோடு இனக்கலப்புச் செய்து, பின்னர் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இரத்தமும் சேர்ந்து உருவான 'சுநந்தினி' என்னும் கலப்பினத்திற்கு அதுவே பிறப்பிடம். உயர்ந்த காளைகளைக் கடல்கடந்து கொண்டுவந்து உறைவிந்து தயாரித்துவிட்டால் மட்டும் இனம் மேம்பட்டுவிடாது. அவ்விந்தைக் கெடாமல் கொண்டுசென்று உரிய பொழுதில் உரிய இடத்தில் சேர்ப்பிக்கும் கை ஒவ்வொரு கிராமத்திலும் இருந்தாலன்றி அம்முயற்சி முழுவதும் வீண் என்பதை அத்திட்டத்தினர் உணர்ந்திருந்தனர். ஆதலால் காளைப் பண்ணையோடு பயிற்சியும் உடன் வளர்ந்தது. அத்திட்டத்தின் வழித்தோன்றலான கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் இன்றும் மாட்டுப்பட்டியிலும், பாலக்காட்டை அடுத்த தோணியிலும் காளைப் பண்ணையையும் பயிற்சி நிலையத்தையும் ஒருங்கே நடத்திவருகிறது. இடுக்கிக்கு ஒன்றும் பாலக்காட்டுக்கு ஒன்றுமாக இத்தகைய இரு நிலையங்கள் அமைந்திருப்பது இவ்விரு ஜில்லாக்களின் நற்பேறேயாகும்.

இன்றுள்ள வழிகள்

இன்று இத்தொழிலுக்குள் நுழைய மூன்று வழிகள் உள்ளன. கேரளத்தில் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகளில் கால்நடைப் பராமரிப்பைப் பாடமாகப் பயின்றவர்கள் தேர்வாணையத்தின் மூலம் கால்நடை ஆய்வாளர் உத்தியோகத்துக்குச் செல்வது ஒரு வழி. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி முடித்தவரைத் தேர்ந்தெடுத்து, ஏறக்குறைய ஓராண்டு துறைப் பயிற்சி அளித்துக் கால்நடை ஆய்வாளராக நியமிப்பது மற்றொரு வழி. மத்திய அரசு 2014-இல் தொடங்கிய தேசிய கோகுல இயக்கத்தின்கீழ் 'மைத்ரி' என்னும் பெயரால் கிராம இளைஞர்களுக்கு அளிக்கப்படும் மூன்று மாதக் கருவூட்டல் பயிற்சி மூன்றாவது வழி. இம்மூன்று மாதத்தில் ஒரு மாதம் வகுப்பறைக்கும் இரண்டு மாதம் களத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன.

முதல் வழியில் ஏட்டறிவு விரிவாகவும், நோயுற்ற பிராணியைத் தொட்டுப் பார்க்கும் சந்தர்ப்பம் குறைவாகவும் அமைகின்றன. மூன்றாம் வழியில் கைக்குப் பயிற்சி உண்டு. எனினும் அது ஒரே தொழிலுக்கான பயிற்சி. கிராமத்து மக்களோ இப்பேதங்களை அறியார். சினை ஊசி போட வந்த இளைஞரிடமே மடிநோய்க்கும், கன்றின் கழிச்சலுக்கும், நாயின் கடிக்கும் மருந்து கேட்பார்கள். மறுத்தால் மனம் வருந்துவார்கள். மறுக்காவிட்டாலோ சட்டமும் மீறப்பட்டு, பிராணியும் அபாயத்துக்குள்ளாகும். எனவே, எதைச் செய்யக் கற்க வேண்டும் என்பதோடு, எதைக் கண்டவுடன் கையை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையும் பயிற்சியே புகட்டியாக வேண்டும்.

உலக அளவிலும் இத்துறை இத்திசையிலேயே செல்கிறது. உலகக் கால்நடை நல அமைப்பு 2018-இல் துணைநிலைக் கால்நடைப் பணியாளர்களுக்கான திறன் நெறிமுறைகளை வெளியிட்டபோது, இத்தனை மாதம் படித்திருக்க வேண்டும் என்பதைவிட இன்னின்ன காரியங்களைத் தம் கையால் செய்யவல்லவராக இருக்க வேண்டும் என்பதையே அளவுகோலாகக் கொண்டது. எத்தியோப்பியாவின் அஃபார் பாலைநிலத்தில், மருத்துவர் செல்லவியலாத இடங்களுக்கு, மேய்ச்சல் மக்களிடையேயிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்றப்பட்டவர்கள், வெப்பம் தாங்கும் வெக்கை நோய்த் தடுப்பு மருந்தைக் கொண்டுசென்று செலுத்தினார்கள். வெக்கை நோய் 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதற்கு அத்தகைய எளிய மனிதர்களின் பயின்ற கைகளும் ஒரு காரணம். பயிற்சி குறுகியதாயினும், செய்யும் காரியம் வரையறுக்கப்பட்டு, மேற்பார்வை உறுதியாயிருந்தால் பயன் பெரிதாகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கை கற்க வேண்டியவை

கைப்பயிற்சி என்பதன் பொருளை விளங்கிக்கொள்ள, சினை ஊசி போடுதல் ஒன்றை மட்டும் அருகிலிருந்து காண்பது போதும். திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிரில் கிடக்கும் 0.25 மில்லி லிட்டர் குச்சியை இடுக்கியால் எடுத்து, 37 பாகை வெந்நீரில் அரை நிமிஷம் வைத்து உருக்கி, ஈரம் போகத் துடைத்து, நுனியை நேராக வெட்டி, கருவூட்டும் துப்பாக்கியில் பொருத்தி உறையிட வேண்டும். வெந்நீரின் சூடு தவறினாலோ, எடுத்த குச்சியை வெயிலில் ஏந்தி நின்றாலோ, கண்ணுக்குத் தெரியாமலேயே வித்து செத்துவிடும். பின்னர் உறையிட்ட இடக்கையை மலக்குடலுள் மெல்லச் செலுத்திச் சாணத்தை அகற்றி, அடியில் கெட்டியாக உருண்டு கிடக்கும் கருப்பை வாயைக் குடல் சுவரின் வழியே பற்றிக்கொண்டு, வலக்கையால் துப்பாக்கியை முதலில் மேல்நோக்கிச் சாய்த்து, மூத்திரத் துவாரத்துக்குள் போகாமல் செலுத்த வேண்டும். கருப்பை வாயின் வளையங்கள் ஒவ்வொன்றையும் துப்பாக்கி கடப்பதை இடக்கை விரல்கள் உணர்ந்து, கடைசி வளையத்தைத் தாண்டிய அவ்விடத்திலேயே நிறுத்தி, அவசரமின்றி விந்தை இறக்க வேண்டும். கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. விரல்நுனி கற்றதே வித்தை.

இதனைப் படம் பார்த்துக் கற்பது இயலாத காரியம். இறைச்சிக்கூடத்தினின்று பெற்ற கருப்பைகளை மேஜையில் வைத்துப் பழகி, பின்பு சினையற்ற பசுக்களிடம் ஆசிரியரின் கண்முன்னே அப்பியாசம் செய்து, இறுதியில் கிராமத்துத் தொழுவங்களுக்குச் செல்வதே முறை. அவ்வாறு பழகும்போதும் ஒரே பசுவிடம் பல மாணவர்கள் அடுத்தடுத்துக் கைவிட்டால் குடலின் உட்சவ்வு கிழிந்து இரத்தம் கசியும். வாயில்லாத ஜீவனின் வேதனையை விலையாகக் கொடுத்துக் கற்கும் கல்வி, இரக்கத்தையும் சேர்த்துக் கற்பித்தாலன்றி முழுமையாகாது. சினையாயிருக்கும் பசுவும் சில வேளைகளில் பருவக்குறி காட்டும் என்பதையும், அதனைச் சோதித்தறியாமல் துப்பாக்கியைச் செலுத்தினால் கரு கலையும் என்பதையும் தொடக்கத்திலேயே மாணவன் மனத்தில் பதிக்க வேண்டும்.

தடுப்பூசியும் எளிய காரியம்போலத் தோன்றுமேயன்றி எளியதன்று. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், கோமாரி நோயை 2030-க்குள் ஒழிக்கும் நோக்கத்தோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடுதோறும் சென்று தடுப்பூசி போட ஏற்பாடு செய்கிறது. கேரளத்தில் இப்பணி 'கோரக்ஷா' என்னும் பெயரோடு வழங்குகிறது. அம்மருந்து 2 முதல் 8 பாகை குளிரிலேயே இருத்தல் வேண்டும். உறைந்துபோனாலும் கெடும், வெயில்பட்டாலும் கெடும். கஞ்சிக்கோட்டுக் கோடை வெப்பத்தில் மதியம் வரையில் பனிக்கட்டிப் பெட்டியைக் காக்கத் தெரியாதவர் போடும் ஊசி, மாட்டுக்கு வலியையும் உடையவருக்குப் பொய்யான நிம்மதியையுமே தரும். கன்று வீச்சு நோய்க்கான தடுப்பு மருந்தோ உயிருள்ள கிருமியைக் கொண்டது. 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒருமுறை மட்டுமே அதனைப் போடலாம். ஊசி தவறி விரலில் குத்தினாலும், மருந்து கண்ணில் தெறித்தாலும், போடுகிறவரையே அந்நோய் பற்றக்கூடும். கையுறையும் கண்கவசமும் இன்றி மாணவனை அப்பணிக்கு அனுப்புவது, அவனுடைய ஆரோக்கியத்தை அலட்சியம் செய்வதாகும். வெறிநோய்க்கு எதிரான முன்தடுப்பூசியும் பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொரு மாணவனுக்கும் போடப்பட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை நோயறியும் பழக்கம். வெப்பமானியைக் குதத்தில் வைத்துக் காய்ச்சல் பார்த்தல், இடப்பக்க விலாக்குழியில் முஷ்டியை அழுத்தி நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு முறை இரைப்பை புரள்வதை எண்ணுதல், மூக்கின் ஈரம், காதின் சூடு, சாணத்தின் தன்மை, அசைபோடும் நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல் ஆகிய இவை நூற்றுக்கணக்கான நல்ல மாடுகளிடம் பழகியவனுக்கே நோயுற்ற மாட்டிடம் பயன்படும். ஈன்ற மறுநாள் கழுத்தை விலாப்புறம் மடித்துக்கொண்டு, காது சில்லிட்டுப் படுத்துவிட்ட பசுவைக் கண்டதும் அது பால் காய்ச்சல் என்று உதவியாளர் ஊகிக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து வயிறு உப்பாதபடி அதனை நெஞ்சின்மேல் நிமிர்த்தி அமர்த்த வேண்டும். மருத்துவரை அழைக்க வேண்டும். கால்சியத்தைத் தாமே நரம்பில் ஏற்றத் துணியலாகாது. விரைந்து ஏற்றினால் இருதயம் நின்றுவிடும். இங்கே கையை நிறுத்தத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர்.

மண்ணும் நோயும்

பயிற்சி எங்கே நடைபெறுகிறது என்பதும் சிறு விஷயமன்று. பாலக்காட்டுச் சித்தூர் வட்டம் மழைமறைவு நிலம். கேரளத்தில் பால் உற்பத்திக்குப் பெயர்பெற்ற பகுதி. அங்கே கலப்பினப் பசுவைக் கோடை வெப்பமும், உண்ணியும், உண்ணியால் பரவும் இரத்தக் கிருமிகளும் வாட்டுகின்றன. மாட்டுப்பட்டியோ கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே குளிரும் ஈரமும் இளங்கன்றின் நுரையீரலைத் தாக்குகின்றன. தேயிலைத் தோட்டத்து லயங்களில் வளரும் மாடுகள் காட்டோரம் மேய்வதால், புலியும் சிறுத்தையும் அடித்துக் குற்றுயிராக விட்ட மாட்டின் காயத்தைக் கழுவிக் கட்டுவது மூணாற்று உதவியாளருக்கு நேரக்கூடிய பணி. பலாப்பழக் காலத்தில் பழத்தை மிகுதியாகத் தின்றும், விசேஷ வீட்டுச் சோற்றையும் கஞ்சியையும் குடித்தும் இரைப்பை புளித்துச் சாயும் மாடுகளும், மரவள்ளி இலையைத் தின்று நிமிஷ நேரத்தில் மூச்சுத் திணறும் மாடுகளும், உண்ணிச்செடியை மேய்ந்து மஞ்சள்காமாலை கண்டு தோல் வெடிக்கும் மாடுகளும் இப்பிரதேசத்தில் காணக்கூடியவை. அட்டப்பாடியில் கருப்பு ஆட்டினமும், மலையோரத்தில் குட்டையான நாட்டு மாடுகளும் உள்ளன. கலப்பினப் பசுவுக்குச் சொன்ன அளவும் முறையும் இவற்றுக்கு அப்படியே பொருந்தா. தொலைவிலுள்ள நகரத்தில் பயின்று வருகிறவர் இவற்றை நூலில் படித்திருக்கலாம், கண்டிருக்க மாட்டார்.

எல்லையால் நேரும் இடர்

மாடும் நோயும் மாநில எல்லையை அறியா. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடு கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் வழியே பாலக்காட்டுக்குள் நுழைகிறது. வாணியங்குளம் சந்தைக்கும் செல்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் மாடு குமுளி, கம்பம்மெட்டு வழியாகவும், போடியின் மாடு போடிமெட்டு வழியாகவும் மலையேறுகிறது. சோதனைச் சாவடியில் மாட்டை நிறுத்திப் பார்க்கும் பணியாளருக்கு, வாயில் நுரையும் குளம்பில் புண்ணும் தோன்றுமுன்னரே கோமாரியை ஐயுறவும், தோலில் சிறு கழலை எழும்பும்போதே தோல் கழலை நோயை ஊகிக்கவும், அடைப்பானில் இறந்ததோ என்று ஐயம் எழும் உடலைக் கீறாமலும் தோலுரிக்காமலும் மருத்துவருக்குச் செய்தி அனுப்பவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

ஆனால் பயிற்சியோ எல்லையில் நின்றுவிடுகிறது. கேரளப் பகுதித் தமிழ் இளைஞருக்கு மலையாளத்தில் நடைபெறும் வகுப்பு தயக்கத்தைத் தருகிறது. தமிழ்நாட்டுப் பயிற்சியில் சேரவோ அவர் அம்மாநிலத்தவர் அல்லர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைத் தமிழர் தம் பகுதி அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை அளிக்கிறது. மனு எழுதும் மொழிக்குக் கிடைத்த அந்த மதிப்பு, மருந்தின் அளவையும் எச்சரிக்கையையும் கற்கும் மொழிக்கும் கிடைக்க வேண்டும் என்று கோருவது நியாயமே. தொழுவத்தில் நிற்கும் மூதாட்டி 'மாடு ரெண்டு நாளா தீனி எடுக்கல, அசையும் போடல' என்று சொல்லும்போது அதனை முழுப்பொருளோடு உணர்ந்து, மருத்துவருக்கு மலையாளத்திலும் உரைக்கவல்ல இருமொழி உதவியாளர் இப்பிரதேசத்துக்குக் கிடைக்கக்கூடிய பெருஞ்செல்வம்.

செய்யத்தக்கவை

இதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபு. கேரளப் பக்கத்தில் தோணியும் மாட்டுப்பட்டியும், மண்ணார்க்காட்டை அடுத்த திருவிழாம்குன்றில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணையும் உள்ளன. தமிழ்நாட்டுப் பக்கத்தில், 2020-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இரண்டு, ஒன்று உடுமலைப்பேட்டையிலும் மற்றொன்று தேனியிலும் அமைந்துள்ளன. மறையூரிலிருந்து உடுமலை, வண்டி ஏறினால் இறங்கும் இடம். குமுளிக்காரர்களுக்குத் தேனி நாள்தோறும் போய்வரும் ஊர். சான்றிதழ் எந்த மாநிலத்து ஸ்தாபனத்தினுடையதாயினும் ஏற்கலாம் என்று 30-ஆம் பிரிவே வழிவிட்டிருக்கிறது. எனவே இரு மாநில அரசுகளும் அவற்றின் கால்நடைப் பல்கலைக்கழகங்களும் கூடி ஒரு பொதுத் திறன்பட்டியலை வகுத்து, வகுப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் நடத்தி, களப்பயிற்சியை எல்லையின் இருபுறத்துக் கால்நடை மருந்தகங்களிலும் அளித்து, அச்சான்றிதழை இரு அரசுகளும் ஒப்புக்கொள்வதாக ஆணையிட்டால் காரியம் கைகூடும்.

அப்பயிற்சியில் மூன்று நிபந்தனைகள் தளராமல் காக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பயிற்சிக் குறிப்பேடு இருத்தல் வேண்டும்; அதில் பார்த்தது, உதவியது, தானே செய்தது என்று தனித்தனியே எழுதி, உடனிருந்த மருத்துவரின் கையொப்பம் பெற வேண்டும். தேர்வு, தாளில் மட்டுமின்றித் தொழுவத்தில், அறிமுகமில்லாத மாட்டின் அருகே நடைபெற வேண்டும். பயிற்சி முடிந்தபின் எந்த மருத்துவரின் மேற்பார்வையில் பணிபுரிவார் என்பது சான்றிதழிலேயே குறிக்கப்பட்டு, சில ஆண்டுகளுக்கொருமுறை திறன் மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். மாட்டைத் தொட்டுப் பழகும் காலத்தில் மாணவன் பட்டினியில்லாமல் இருக்க உதவித்தொகையும் அளித்தாக வேண்டும். இல்லையேல் ஏழைக் குடும்பத்து இளைஞர்களும், தொழுவ வேலையை உண்மையில் தாமே சுமந்துவரும் பெண்களும் இக்கல்வியின் வாசலிலேயே நின்றுவிடுவர்.

மருத்துவர்களின் எண்ணிக்கையை உயர்த்துவது நெடுங்கால முயற்சி. அதனைக் கைவிடுதல் கூடாது. ஆயினும் நாளை காலையில் வட்டவடையிலோ எருத்தேன்பதியிலோ ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவிக்குமானால், அங்கே முதலில் போய்ச் சேரும் கை பயின்ற கையாக இருக்க வேண்டும் என்பது இன்றே தீர்மானிக்கத்தக்க விஷயம். நிலையங்கள் உள்ளன, சட்டம் இடங்கொடுக்கிறது, கற்க இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். எஞ்சியிருப்பது இரு அரசுகளும் ஒரு மேஜையில் அமர்ந்து கையொப்பமிடுவதொன்றே.